12 கோடிப் பேர் பேசும் மொழிக்கு என்ன குறை? பஞ்சாபியும் பள்ளிக்கூடமும்

2025 பிப்ரவரியில் சி.பி.எஸ்.இ. வாரியம், பத்தாம் வகுப்புக்கு ஆண்டில் இரண்டு முறை பொதுத்தேர்வு நடத்தும் வரைவுத் திட்டத்தை வெளியிட்டது. அதில் இருந்த மொழிப்பாடப் பட்டியலில் பஞ்சாபி இல்லை. பஞ்சாபில் உடனே எதிர்ப்பு கிளம்பியது. பட்டியல் மாதிரிக்காகத் தரப்பட்டது, இப்போதுள்ள மொழிகள் எல்லாம் தொடரும் என்று வாரியம் விளக்கம் தந்தது. பஞ்சாப் அரசு அந்த விளக்கத்தோடு விஷயத்தை விட்டுவிடவில்லை. மாநில எல்லைக்குள் எந்த வாரியத்தின் பள்ளியில் படித்தாலும் சரி, பஞ்சாபியை முதன்மைப் பாடமாகப் படிக்காதவர் பத்தாம் வகுப்பு தேறியவராகக் கருதப்படமாட்டார் என்று அறிவிக்கை வெளியிட்டது.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது மிகையாகத் தோன்றலாம். பாகிஸ்தானின் 2023 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 8.9 கோடிப் பேர் பஞ்சாபியைத் தாய்மொழியாகச் சொன்னார்கள். இந்தியாவின் 2011 கணக்கெடுப்பில் 3.3 கோடிப் பேர். இரண்டையும் கூட்டினாலே 12 கோடி தாண்டுகிறது. கனடா, பிரிட்டன் கணக்கு தனி. திரையிசை, திருமண மேடை, யூடியூப் எங்கும் ஒலிக்கிற மொழி இது. இதற்கா பாதுகாப்பு?

இதற்கு நேர் எதிராக இன்னொரு பேச்சும் உண்டு. பஞ்சாபி இன்னும் ஐம்பது ஆண்டுகளில் அழிந்துவிடும் என்று யுனெஸ்கோ சொல்லிவிட்டதாக ஒரு செய்தி பல ஆண்டுகளாகச் சுற்றுகிறது. யுனெஸ்கோவின் அருகிவரும் மொழிகளின் பட்டியலில் பஞ்சாபி இடம்பெறவே இல்லை. 12 கோடிப் பேர் பேசும் மொழி ஒரு தலைமுறையில் மறையாது. ஆனால் அதைப் பேசுகிறவர்கள் எந்தெந்த வேலைக்கு அதைப் பயன்படுத்துவதை நிறுத்திக்கொள்கிறார்கள் என்பது வேறு கேள்வி. பஞ்சாபியின் சிக்கல் முழுவதும் அந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

## நான்கு சொற்கள், நான்கு வெவ்வேறு நிலைகள்

இந்த விவாதத்தில் பாதிக் குழப்பம், கீழே உள்ள நான்கையும் ஒன்றாகப் போட்டுப் பேசுவதால் வருகிறது.

1. தாய்மொழி. கணக்கெடுப்பில் ஒருவர் தாமே சொல்வது. அரசு யாரையும் பேசவைத்துச் சோதிப்பதில்லை. அதனால் இந்த எண் மொழியை அளக்கும் அளவுக்கு அரசியலையும் அளக்கிறது.

2. பாடமொழி. வாரத்தில் சில பாடவேளைகள், ஒரு பாடநூல், ஒரு தேர்வு. 2025 அறிவிக்கை பேசுவது இதைப் பற்றி மட்டுமே.

3. பயிற்றுமொழி. கணக்கு, அறிவியல், வரலாறு எல்லாவற்றையும் எந்த மொழியில் கற்பிக்கிறார்கள் என்பது. ஒரு மொழியில் புதிய கலைச்சொற்கள் பிறப்பதற்கு முக்கியமான காரணம் இதுதான்.

4. ஆட்சிமொழி. அரசாணை, காவல்நிலையப் புகார், பட்டா, நீதிமன்றத் தீர்ப்பு எந்த மொழியில் எழுதப்படுகின்றன என்பது.

இந்தியப் பஞ்சாபில் பஞ்சாபி சட்டப்படி நான்கு நிலைகளிலும் இருக்கிறது. நடைமுறையில் மூன்றாவதும் நான்காவதும் தேய்ந்துவருகின்றன. பாகிஸ்தான் பஞ்சாபில் முதல் நிலை மட்டும்தான் உறுதியாக உண்டு. இரண்டாவது, விருப்பப்பாடம் என்ற அளவில் மேல்வகுப்புகளில் இருக்கிறது. மூன்றாவதும் நான்காவதும் அறவே இல்லை. ஒரே மொழி, ஒரே கவிஞர்கள், நடுவில் 1947-ல் விழுந்த ஒரு கோடு. அரசின் துணை இருந்தால் ஒரு மொழிக்கு என்ன ஆகும், இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று ஒப்பிட்டுப் பார்க்க உலகில் இதைவிடத் தெளிவான இடம் கிடைப்பது கடினம்.

## வீட்டில் ஒன்று, படிவத்தில் வேறொன்று

சீக்கியர்களின் மொழி என்பதால் பஞ்சாபி ஒரு காலத்தில் அரசமொழியாக இருந்திருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். சீக்கிய மன்னர் ரஞ்சித் சிங்கின் லாகூர் அரசவையிலேயே ஆவணங்கள் பாரசீகத்தில்தான் எழுதப்பட்டன. 1849-ல் கிழக்கிந்தியக் கம்பெனி பஞ்சாபைக் கைப்பற்றியபின், 1850-களில் பாரசீகத்தின் இடத்துக்கு உருதுவைக் கொண்டுவந்தது. வந்த அதிகாரிகள் பலர் ஏற்கெனவே கங்கைச் சமவெளியில் வேலை பார்த்து உருது பழகியவர்கள். பஞ்சாபியை அவர்களில் பலர் நாட்டுப்புற வழக்காகவே கருதினார்கள். சீக்கியர்கள் பஞ்சாபி எழுதும் குர்முகி எழுத்துக்கு வீழ்ந்த சீக்கிய அரசின் வாசனை இருந்தது. பள்ளியும் கீழ்நிலை நீதிமன்றமும் உருதுவுக்குப் போயின. லாகூர் அரசுக் கல்லூரியின் முதல்வராக இருந்த லைட்னர், கைப்பற்றலுக்குப் பிறகு பஞ்சாபின் உள்ளூர்ப் பள்ளிகள் எப்படிச் சிதைந்தன என்பதை 1882-ல் ஒரு பெரிய அறிக்கையாகவே எழுதினார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மொழியும் மதமும் பிணைந்துகொண்டன. முஸ்லிம் அமைப்புகள் உருதுவைப் பற்றிக்கொண்டன. இந்துச் சீர்திருத்த அமைப்பான ஆரிய சமாஜம் நாகரி எழுத்தில் இந்தியை வளர்த்தது. 1873-ல் அமிர்தசரஸில் தொடங்கிய, சீக்கியர்களின் சிங் சபை இயக்கம் குர்முகியில் பஞ்சாபியை வளர்த்தது. மூன்று தரப்பும் வீட்டில் பேசியது பஞ்சாபிதான். தாய் பேசும் மொழி வேறு, தன் மொழி என்று எழுதிக்கொடுக்கும் மொழி வேறு என்ற வினோதப் பழக்கம் இங்கே தொடங்கியது. பின்னால் வந்த எல்லாச் சிக்கலுக்கும் வேர் இதுதான் என்பது என் கணிப்பு.

பிரிவினைக்குப் பிறகு இந்தியப் பகுதியில் இந்தப் பழக்கம் மாநில எல்லையையே மாற்றியது. இந்துப் பஞ்சாபிகள் கணக்கெடுப்பில் இந்தியைத் தாய்மொழியாகச் சொல்லவேண்டும் என்ற பிரசாரம் பலமாக நடந்தது. 1951 கணக்கெடுப்பில் இந்தத் தகராறால் பஞ்சாபி, இந்தி, உருது எண்களைத் தனித்தனியே வெளியிட முடியாமல் சேர்த்தே வெளியிட்டார்கள். 1949-ல் வந்த சச்சார் திட்டம் மாநிலத்தைப் பஞ்சாபி மண்டலம், இந்தி மண்டலம் என்று பிரித்துப் பள்ளிகளுக்கு மொழி ஒதுக்கியது. சீக்கியர்களின் கட்சியான அகாலிதளம் பஞ்சாபி பேசும் தனி மாநிலம் கேட்டது. இந்தியிலிருந்து போதிய வேறுபாடு இல்லை, பொது ஆதரவும் இல்லை என்று 1955-ல் மாநில மறுசீரமைப்பு ஆணையம் மறுத்தது. மாஸ்டர் தாரா சிங், பிறகு சந்த் பதே சிங் தலைமையில் நீண்ட போராட்டம் நடந்து, 1966 நவம்பர் 1-ல் இன்றைய பஞ்சாபும் ஹரியானாவும் பிறந்தன. எல்லை வகுக்க அடிப்படையாக எடுத்துக்கொண்டது 1961 கணக்கெடுப்பை. பஞ்சாபி பேசிக்கொண்டே இந்தி என்று எழுதிக்கொடுத்தவர்களின் ஊர்கள் பல அதன்படியே பிரிந்துபோயின. சண்டிகர் இரண்டுக்கும் பொதுத் தலைநகராகவும் ஒன்றியப் பகுதியாகவும் ஆனது. அங்கே இன்றும் நிர்வாகம் ஆங்கிலத்தில் நடக்கிறது.

இந்த இடத்தில் தமிழ் வாசகருக்கு ஒரு செய்தி. புதிய ஹரியானாவில் பஞ்சாபிக்கு இரண்டாம் மொழித் தகுதி 2010-ல்தான் கிடைத்தது. அதுவரை அந்த இடத்தில் தமிழ் இருந்ததாக இந்தியப் பத்திரிகைகள் பலமுறை எழுதியிருக்கின்றன. தமிழ்மேல் வந்த காதல் என்று அதை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. பக்கத்து மாநிலத்து மொழிக்கு இடம் தராமலிருக்க ஒரு தொலைதூர மொழி தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

டெல்லியில் 2000-ஆம் ஆண்டுச் சட்டம் உருதுவோடு பஞ்சாபியையும் இரண்டாம் ஆட்சிமொழியாக்கியது. ஜம்மு காஷ்மீரில் 2020-ல் ஐந்து ஆட்சிமொழிகள் அறிவிக்கப்பட்டபோது பஞ்சாபி விடுபட்டது.

## லாகூர் ஏன் கேட்கவில்லை?

பாகிஸ்தானின் மிகப் பெரிய மொழிக் குழுவே தன் மொழிக்குப் பள்ளியில் இடம் கேட்காமல் இருந்தது எப்படி? வங்காளிகள் 1952-ல், அன்று பாகிஸ்தானில் இருந்த டாக்காவில் மொழிக்காக உயிர் விட்டார்கள். உலகத் தாய்மொழி நாளாக பிப்ரவரி 21 வைக்கப்பட்டிருப்பதே அந்த நிகழ்வால்தான். சிந்திகள் 1972-ல் சட்டம் கொண்டுவந்து பள்ளியில் சிந்தியைக் கட்டாயமாக்கினார்கள். பஞ்சாபிகள் அசையவில்லை.

காரணங்களைப் பிரித்துப் பார்த்தால்:

1. அதிகாரம் ஏற்கெனவே கையில் இருந்தது. ராணுவத்திலும் அரசுப் பணியிலும் பஞ்சாபிகள் பெரும் பங்கு வகித்தார்கள். மற்றவர்களுக்கு மொழியுரிமை என்பது வேலைவாய்ப்பில் பங்கு கேட்பது. பஞ்சாபி மேல்தட்டுக்கு அந்தத் தேவை எழவில்லை. உருதுவையும் ஆங்கிலத்தையும் வைத்தே அவர்கள் ஆண்டார்கள்.

2. நாட்டின் அடையாளம் உருதுவோடு கட்டப்பட்டது. சிறு மாநிலங்கள் மொழி கேட்டால் வட்டாரக் கோரிக்கை. பெரிய மாநிலம் கேட்டால் உருதுவின் நிலையே ஆட்டம் காணும் என்ற அச்சம் இருந்தது.

3. பஞ்சாபி என்றால் சீக்கியர் என்ற எண்ணம். நூறாண்டு மதப் பிரிவினை அரசியல் விட்டுச்சென்ற எச்சம் இது. வரலாற்றைப் பார்த்தால் இதற்கு அடிப்படையே இல்லை. பஞ்சாபிக் கவிதையின் முதல் பெரும் பெயர் பாக்பட்டனில் அடக்கம் செய்யப்பட்ட சூஃபி பாபா ஃபரீத். அவர் பெயரிலான பாடல்கள் சீக்கியரின் குரு கிரந்த் சாகிபிலேயே இருக்கின்றன. கசூரின் புல்லே ஷா, ஹீர் காவியம் எழுதிய வாரிஸ் ஷா எல்லாரும் முஸ்லிம்கள்.

4. எழுத்தறிவு உருதுவில் மட்டும் கிடைத்தது. பஞ்சாபி வாசகர் கூட்டம் உருவாகவில்லை. அதனால் பஞ்சாபி நாளிதழ் நிலைக்கவில்லை. நாளிதழ் இல்லாததால் எழுத்து நடையும் சீர்படவில்லை. பிறகு, எழுத்து நடையே இல்லாத மொழியில் எப்படிப் பாடம் நடத்துவது என்று கேட்டார்கள்.

இதன் விளைவு எண்ணில் தெரிகிறது. பாகிஸ்தானில் பஞ்சாபியைத் தாய்மொழியாகச் சொன்னவர்களின் பங்கு 1981-ல் 48 விழுக்காடு, 1998-ல் 44, 2017-ல் 39, 2023-ல் 37. இந்தச் சரிவை அப்படியே மொழி இழப்பு என்று படித்துவிடக் கூடாது. மற்ற மாநிலங்களின் மக்கள்தொகை வேகமாக வளர்ந்ததும் இதில் அடக்கம். தெற்குப் பஞ்சாபின் சராய்க்கியை 1981 முதல் தனி மொழியாக எண்ணுகிறார்கள் என்பதையும், தம் பேச்சைப் பஞ்சாபி என்ற பெயருக்குள் வைக்க மறுக்கும் உணர்வு அங்கே வலுத்துவருகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். ஆனால் லாகூரின் நடுத்தர வீடுகளில் கணவனும் மனைவியும் தங்களுக்குள் பஞ்சாபி பேசி, பிள்ளையைப் பார்த்ததும் உருதுவுக்கு மாறுகிறார்களே, அதற்கு எந்த மக்கள்தொகைக் கணக்கும் காரணமில்லை. மொழி மாற்றத்தை ஆராய்ந்த ஜோஷுவா ஃபிஷ்மன், ஒரு மொழியின் நிலையை அளக்க முதலில் பார்க்கவேண்டியது வீட்டில் அடுத்த தலைமுறைக்கு அது கைமாறுகிறதா என்பதைத்தான் என்றார். பள்ளி, வானொலி, அரசாணை எல்லாம் அதற்குப் பிறகு.

பெற்றோர் ஏன் மாறுகிறார்கள் என்பதில் மர்மம் இல்லை. 2016-ல் சாகிவாலில் ஒரு தனியார் பள்ளி பெற்றோருக்கு அனுப்பிய சுற்றறிக்கையில், வளாகத்தில் தடைசெய்யப்பட்ட ஆபாசப் பேச்சு வகைகளில் பஞ்சாபியையும் சேர்த்திருந்தது. நாடு முழுக்கச் சர்ச்சையானது. சர்ச்சைக்குக் காரணம் அதை எழுத்தில் வைத்ததுதான். எழுதாமல் அதே விதியைப் பின்பற்றும் வகுப்பறைகள் எத்தனையோ.

சட்டம் தடை என்றும் சொல்லமுடியாது. பாகிஸ்தான் அரசியலமைப்பின் 251-ஆவது பிரிவு உருதுவைத் தேசிய மொழியாக்கினாலும், மாகாண மொழியைக் கற்பிக்கவும் வளர்க்கவும் மாகாணச் சட்டமன்றமே சட்டம் இயற்றலாம் என்கிறது. அந்தச் சட்டமன்றத்திலோ, 2024 ஜூன் வரை உறுப்பினர்கள் தாமாக எழுந்து பஞ்சாபியில் பேச விதி இடம் தரவில்லை. அந்த ஆண்டு விதியைத் திருத்தி, உருது, ஆங்கிலத்தோடு பஞ்சாபி, சராய்க்கி, போட்டோஹாரி, மேவாத்தி மொழிகளையும் அனுமதித்தார்கள். பள்ளிகளில் பஞ்சாபியைக் கட்டாயப் பாடமாக்கவேண்டும் என்று அதே ஆண்டு ஒரு தீர்மானமும் நிறைவேறியது. தீர்மானம் சட்டம் ஆகாது. ஆனாலும் தொடக்கப்பள்ளியில் பஞ்சாபி ஆசிரியருக்குப் பணியிடமே இல்லாத ஒரு மாகாணத்தில் அதுவே புதிது.

## எழுத்தும் தொனியும்: குழந்தைக்கு எங்கே இடிக்கிறது?

பஞ்சாபி இரண்டு எழுத்துகளில் எழுதப்படுகிறது. இந்தியாவில் குர்முகி, அதாவது இரண்டாம் குரு அங்கத் பதினாறாம் நூற்றாண்டில் முறைப்படுத்திய எழுத்து. பாகிஸ்தானில் ஷாமுகி, அதாவது உருதுவைப் போல வலமிருந்து இடமாகப் போகும் பாரசீக-அரபு எழுத்து. அமிர்தசரஸ்காரரும் லாகூர்க்காரரும் தொலைபேசியில் மணிக்கணக்கில் பேசுவார்கள். கடிதம் எழுதினால் ஒருவருடையதை மற்றவர் படிக்கமுடியாது. ஒரு பக்கத்து நூல் மறுபக்கம் போகாததால் சந்தை இரண்டாக உடைந்தது. பாட்டியாலா பஞ்சாபி பல்கலைக்கழகம் இரு எழுத்துகளையும் கணினியில் தானாக மாற்றித்தரும் மென்பொருளை உருவாக்கியது. கூகுள் மொழிபெயர்ப்பில் ஷாமுகிப் பஞ்சாபி 2024-ல் வந்து சேர்ந்தது.

இதைவிட நுட்பமான சிக்கல் ஒலியில் இருக்கிறது. அக்கம்பக்கத்துப் பெரிய மொழிகளைப் போலன்றி, பஞ்சாபி ஒரு தொனி மொழி. ஒரே மெய்யும் உயிரும் குரலின் ஏற்ற இறக்கத்தால் பொருள் மாறும். சமதொனியில் கோடா என்றால் சாட்டை. தாழ்ந்த தொனியில் சொன்னால் குதிரை. உயர்ந்த தொனியில் சொன்னால் தொழுநோயாளி. இந்தியில் மூச்சோடு அதிர்ந்து ஒலிக்கும் ஐந்து மெய்கள் பஞ்சாபியில் அந்த ஒலியை இழந்து தொனியாக மாறிவிட்டன. எழுத்து மட்டும் பழையபடி நிற்கிறது. பஞ்சாபியை முறையாகக் கற்கும் குழந்தை அந்த எழுத்தைக் கண்டதும் தொனியை இறக்கிப் படிக்கப் பழகும். முதலில் இந்தியிலோ உருதுவிலோ எழுத்துக் கற்கும் குழந்தைக்கு அதே எழுத்து, தன் வாயில் இல்லாத ஓர் ஒலியைக் காட்டுகிறது. பேசுவதற்கும் படிப்பதற்கும் தொடர்பில்லை என்ற எண்ணம் ஆறு வயதிலேயே விழுகிறது. இதைத்தான் ஆசிரியர்கள் பின்னால் உச்சரிப்புக் குறை என்கிறார்கள்.

## தாய்மொழியில் தொடங்குவதால் என்ன பயன்?

யுனெஸ்கோ 1953-லேயே தாய்மொழிவழித் தொடக்கக் கல்வியைப் பரிந்துரைத்தது. இந்தியாவின் 2020 தேசியக் கல்விக் கொள்கை, இயன்றவரை குறைந்தது ஐந்தாம் வகுப்புவரை தாய்மொழிவழி என்கிறது. அரசியலமைப்பின் 350அ பிரிவும் தொடக்க நிலையில் அதற்கு வசதி செய்யச் சொல்கிறது. இவற்றின் பின்னால் உள்ள தர்க்கம் இப்படிப் போகிறது:

1. எழுத்தறிவு என்பது ஏற்கெனவே வாயில் இருக்கும் ஒலியைக் குறியோடு இணைப்பது. ஒலியும் சொல்லும் தெரியாத மொழியில் குழந்தை இரண்டு வேலைகளை ஒரே நேரத்தில் செய்கிறது.

2. படிக்கும் திறன் ஒருமுறை வந்துவிட்டால் இன்னொரு மொழிக்கு அது இடம்பெயரும். கனடிய ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் இதை விரிவாக விளக்கியிருக்கிறார். விளையாட்டுத் திடலில் பேசும் அளவுக்கு ஒரு மொழி விரைவில் வந்துவிடும். அதே மொழியில் காரண காரியம் எழுதிக்காட்டப் பல ஆண்டுகள் பிடிக்கும் என்பதும் அவர் வலியுறுத்தியது. நன்றாக ஆங்கிலம் பேசுகிறானே என்று மகிழும் பெற்றோர் முதலாவதைத்தான் பார்க்கிறார்கள்.

3. எனவே தாய்மொழிவழி படிப்பதால் ஆங்கிலம் கெடும் என்ற பயம் தலைகீழானது. நைஜீரியாவின் இஃபே நகரில் 1970-ல் தொடங்கிய ஆறாண்டுத் திட்டத்தில், ஆறு வகுப்பையும் யொரூபாவில் படித்து ஆங்கிலத்தைத் தனிப்பாடமாகக் கற்ற பிள்ளைகள், பாதியில் ஆங்கிலவழிக்கு மாறியவர்களைவிடப் பாடங்களில் முன்னே நின்றார்கள். ஆங்கிலத்திலும் பின்தங்கவில்லை.

இதில் ஒரு நிபந்தனை உண்டு. நல்ல ஆசிரியர், நல்ல நூல், மேல்வகுப்பிலும் தொடர்ச்சி, மூன்றும் வேண்டும். இவை இல்லாத தாய்மொழிவழிப் பள்ளி ஏழைகளை அடைத்துவைக்கும் இடமாக மாறும். பஞ்சாபில் நடந்திருப்பது பெரும்பாலும் இதுதான்.

## சட்டம் எவ்வளவு தூரம் எட்டும்?

இந்தியப் பஞ்சாபில் 1967 ஆட்சிமொழிச் சட்டம் பஞ்சாபியை அரசு மொழியாக்கியது. 2008-ல் இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்று, ஒன்று முதல் பத்து வகுப்புவரை எல்லாப் பள்ளியிலும் பஞ்சாபியைக் கட்டாயப் பாடமாக்கியது. மற்றொன்று, அரசு அலுவலகங்களோடு கீழமை நீதிமன்றங்களிலும் பஞ்சாபியைப் பயன்படுத்தச் சொன்னது. 2021-ல் பள்ளிகளுக்கான அபராதம் முதல் மீறலுக்கு 50,000 ரூபாய், இரண்டாவதற்கு 1 லட்சம், மூன்றாவதற்கு 2 லட்சம் என்று இரட்டிப்பாக்கப்பட்டது. 2022-ல் மூன்றாம், நான்காம் பிரிவு அரசுப் பணிகளுக்குப் பஞ்சாபித் தேர்வில் குறைந்தது 50 விழுக்காடு மதிப்பெண் கட்டாயமானது. 2023 பிப்ரவரி 21-க்குள் பெயர்ப்பலகைகளில் பஞ்சாபி மேலே வரவேண்டும் என்றும் மாநில அரசு சொன்னது.

இந்த வரிசையில் எதற்குப் பல் உண்டு என்று பார்த்தால், என் பார்வையில் வேலைத் தேர்வு விதிக்குத்தான். அபராதத்தைக் கட்டணத்தில் சேர்த்துவிட பெரிய தனியார் பள்ளிக்கு ஒரு நிமிடம் போதும். பெயர்ப்பலகையை மாற்றினால் கடைக்குள் பேசும் மொழி மாறாது. ஆனால் மதிப்பெண் இல்லாவிட்டால் எழுத்தர் வேலை இல்லை என்றால், பிள்ளை படிக்கும். இதே காரணத்தால்தான் கீழமை நீதிமன்ற விதி முக்கியமானது. வாயால் சொன்ன பஞ்சாபி வாக்குமூலம் கோப்பில் ஆங்கிலமாக ஏறும்போது, தன் சாட்சியத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று சொன்னவருக்கே தெரியாமல் போகிறது. 2008-ல் சட்டமான இந்த ஏற்பாடு, பயிற்சி பெற்ற எழுத்தரும் பஞ்சாபியில் சட்ட நூல்களும் போதாமல் இழுபடுகிறது.

2025 அறிவிக்கைக்கும் அதே எல்லைதான். அது பஞ்சாபியைப் பாடமாகக் காப்பாற்றும். தனியார் பள்ளிகளின் பயிற்றுமொழியைத் தொடவே தொடாது.

## பஞ்சாபிவழியில் யார் மிஞ்சியிருக்கிறார்கள்?

பஞ்சாப் மக்களில் ஏறத்தாழ 32 விழுக்காட்டினர் தலித்துகள். இந்திய மாநிலங்களில் இதுவே மிக அதிகப் பங்கு. அரசுப் பள்ளிகளில் அமர்ந்திருப்பவர்களில் பெரும்பகுதி அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும், உத்தரப் பிரதேசம், பீகாரிலிருந்து வயல்வேலைக்கும் ஆலைவேலைக்கும் வந்தவர்களின் பிள்ளைகளும். நிலமுள்ள விவசாயி வீட்டுப் பிள்ளை ஊருக்கு வெளியே இருக்கும் ஆங்கிலவழித் தனியார் பள்ளிக்கு மஞ்சள் பேருந்தில் போகிறது. மாலையில் மேடையேறித் தாய்மொழியைக் காக்கவேண்டும் என்று முழங்குகிறவர் பெரும்பாலும் அந்தப் பேருந்துக்குக் கட்டணம் கட்டுகிறவர்.

ஆகவே எங்கள் பிள்ளை மட்டும் பஞ்சாபியில் படித்து மொழியைக் காப்பாற்றவேண்டுமா என்று ஒரு தலித் தந்தை கேட்டால், அது நியாயமான கேள்வி. அரசும் அந்த அழுத்தத்துக்குப் பணிந்து தன் பள்ளிகளிலேயே ஆங்கிலவழிப் பிரிவுகளைத் திறந்துவிட்டது. புலம்பெயர்ந்த தொழிலாளரின் பிள்ளைக்கோ பஞ்சாபி தாய்மொழியே இல்லை. வீட்டில் போஜ்புரி, பள்ளியில் பஞ்சாபி, தெருவில் இந்தி. தாய்மொழிவழிக் கல்வி என்ற கொள்கையை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டால் லூதியானாவின் ஆலைப் பகுதிகளில் அது வேறொரு மொழியைக் கேட்கும். பஞ்சாபி ஆர்வலர்கள் இந்த இடத்தை வேகமாகக் கடந்துவிடுவதையே பார்க்கிறேன்.

மேலே ஒரு பெரிய காந்தம் இருக்கிறது: வெளிநாடு. ஜலந்தர், மோகா போன்ற ஊர்களில் தெருவுக்குத் தெரு ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்வுக்கான பயிற்சி மையப் பலகைகள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைக்கு அந்த ஆங்கில மதிப்பெண்தான் விசாவுக்கு வழி. கனடா 2024-ல் மாணவர் அனுமதிகளுக்கு உச்சவரம்பு வைத்ததும் அந்த வியாபாரம் ஆட்டம் கண்டது. ஆசை ஆட்டம் காணவில்லை.

வேடிக்கை என்னவென்றால், போய்ச் சேரும் இடத்தில் பஞ்சாபிக்கு மதிப்பு கூடுகிறது. கனடாவின் 2021 கணக்கெடுப்பில் வீட்டில் பெரும்பாலும் பஞ்சாபி பேசுகிறவர்கள் 5.2 லட்சம். ஐந்தாண்டில் ஏறக்குறைய பாதி அளவு கூடியிருக்கிறது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் பள்ளிப் பாடமாகப் பஞ்சாபி இருக்கிறது. ஆனால் அந்த வளர்ச்சி புதிதாக வந்து இறங்குகிறவர்களால் வருவது. அங்கேயே பிறந்தவர்களின் பிள்ளைகள் பஞ்சாபி பேசுவார்களா என்பதை அடுத்தடுத்த கணக்கெடுப்புகள்தான் காட்டும்.

## இனி எதைக் கவனிக்கவேண்டும்?

அறிவிக்கைகளும் எதிர்ப்பு அறிக்கைகளும் இன்னும் வரும். ஒவ்வொன்றையும் மேலே சொன்ன நான்கு நிலைகளில் எதைத் தொடுகிறது என்று கேட்டுப் பார்த்தால் அதன் எடை தெரிந்துவிடும். குறிப்பாக மூன்று:

1. இந்தியப் பஞ்சாபில் ஐந்தாம் வகுப்புவரை பஞ்சாபிவழி என்பதைத் தனியார் பள்ளிகளுக்கும் நீட்டும் துணிவு எந்த அரசுக்காவது வருகிறதா. அரசுப் பள்ளிக்கு மட்டும் என்றால் மேலே சொன்ன தந்தையின் கேள்வி அப்படியே நிற்கும். பெற்றோரின் தேர்வுரிமையை முன்வைத்து வழக்கு வருவதும் உறுதி. 2014-ல் கர்நாடக வழக்கில் உச்ச நீதிமன்றம், தொடக்கப்பள்ளியில் தாய்மொழிவழியை அரசு திணிக்கமுடியாது என்று தீர்ப்பளித்துவிட்டது.

2. பாகிஸ்தான் பஞ்சாபில் 2024 தீர்மானத்தைத் தொடர்ந்து தொடக்கப்பள்ளிப் பஞ்சாபி ஆசிரியர் பணியிடங்களுக்கு வரவுசெலவுத் திட்டத்தில் தொகை ஒதுக்கப்படுகிறதா. பல்கலைக்கழகங்களில் பஞ்சாபி முதுகலை முடித்தவர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். அவர்களை அமர்த்த இடம்தான் இல்லை.

3. அடுத்த இந்தியக் கணக்கெடுப்பில் சண்டிகர், லூதியானா போன்ற நகரங்களின் தாய்மொழி எண்கள். 2011-ல் சண்டிகரில் பஞ்சாபியைச் சொன்னவர்கள் 22 விழுக்காடு. அந்தக் கட்டத்தை நிரப்பும்போது வீட்டில் பேசுவதையே எழுதும் பழக்கம் இந்துப் பஞ்சாபிகளிடம் திரும்புகிறதா என்பதும் அந்த எண்ணிலேயே தெரிந்துவிடும்.